கட்சிக்காரர் சொல்லாமல் விடுவது

கேள்வி: "காட்பாடியில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். சொந்த ஊர் பேரணாம்பட்டு. சட்டம் படிக்க வந்த இடத்தில் சமூகவியல் என்று ஒரு தாள் இருக்கிறது. டர்க்கைம், வெபர், சமூக நிறுவனம், சமூக அடுக்கமைவு என்று வரையறைகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். கோர்ட்டில் இது எதற்கு உதவும்? எப்படிப் படிப்பது?"

தம்பி, உங்கள் சலிப்பு எனக்குப் புதிதல்ல. நானும் அந்தத் தாளில் தட்டுத்தடுமாறித் தேறியவன்தான். பிறகு முப்பது ஆண்டுகளாக வேலூர்ப் பக்கத்துக் கோர்ட்டுகளில் வக்காலத்துப் போட்டதில், நடுவே சில ஆண்டுகள் பகுதி நேர ஆசிரியராக அதே தாளை நடத்தவும் நேர்ந்தது. நடத்தும்போதுதான் அது எதைப் பற்றியது என்று எனக்கே பிடிபட்டது. அதற்கு முன்பே ஒரு வழக்கில் அடிபட்டிருந்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சீனியரிடம் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மாமனார் மாமியாரும் உயிரோடு இல்லை. இரண்டரை ஏக்கர் நஞ்சையையும் ஓட்டு வீட்டையும் கணவரின் அண்ணன் பிடித்துக்கொண்டு உள்ளே விட மறுக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி முதல் வகுப்பு வாரிசு, அண்ணன் இரண்டாம் வகுப்பு. இதைவிடச் சுலபமான வழக்கு கிடைக்காது என்று நானே பிராது எழுதினேன். சீனியர் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

எதிருரை வந்தது. அதில் ஒரு பத்திதான் விஷயம். வாதி, இறந்தவருடைய சொந்த அக்காள் மகள். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு தடை செய்யும் உறவுக்குள் நடந்த திருமணம் இது, ஆகவே 11-ஆவது பிரிவின்படி செல்லாது. செல்லாத திருமணத்தில் மனைவி ஏது, வாரிசு ஏது என்று கேட்டிருந்தார்கள்.

நான் அந்த அம்மாவிடம், "உங்கள் கணவர் உங்களுக்குத் தாய்மாமன் என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டிக்கொள்வதைக்கூடவா கோர்ட்டில் சொல்ல வேண்டும்?" என்றார்.

சீனியர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் திரும்பினார். "அவருக்கு அது செய்தியே இல்லை. நீ கேட்டாயா?"

சமூகவியல் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த "நீ கேட்டாயா" மட்டும்தான். கட்சிக்காரர் தனக்கு வினோதமாகப் பட்டதை மட்டுமே வக்கீலிடம் சொல்வார். நாள்தோறும் நடப்பதை, ஊருக்கே தெரிந்ததைச் சொல்லமாட்டார். பல வழக்குகளின் உயிர் அந்தச் சொல்லாத இடத்தில்தான் இருக்கிறது. அதை எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் உங்கள் பாடப் புத்தகத்தின் சொற்கள் உதவும்.

அந்த வழக்கையே வைத்துக்கொண்டு "உறவுமுறை" என்ற அத்தியாயத்தைப் படியுங்கள். தடை செய்யப்பட்ட உறவுகளைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு விளக்குகிறது. ஆங்கில மூலத்தில் அங்கிள், நீஸ் என்று இரண்டே சொற்கள். அந்த ஓர் அங்கிளுக்குள் தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் அடக்கம். நமக்கு அப்படியா? தாய்மாமன் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா தகப்பன் முறை. அதே பிரிவு இன்னொன்றும் செய்கிறது: அண்ணன் தங்கை பிள்ளைகள், இரு சகோதரர்களின் பிள்ளைகள், இரு சகோதரிகளின் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வரியில் நிறுத்தித் தடை போடுகிறது. நம் வீட்டில் முதலாமவர்கள் மாமன் மகள், அத்தை மகன். கல்யாணப் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மற்ற இருவரும் உடன்பிறப்பு முறை. அங்கே கல்யாணம் என்று சொன்னாலே வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மானிடவியலாளர்கள் இதற்குத் திராவிட உறவுமுறை என்று பெயர் வைத்து ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்க் கிழவிகள் இரண்டே சொல்லில் முடிப்பார்கள்: பங்காளி, மாமன் மச்சான்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் "இருவரையும் ஆளும் வழக்கம் அனுமதித்தாலன்றி" என்று ஒரு வாசல் வைத்தார்கள். ஆனால் அந்த வாசல் தானாகத் திறக்காது. வழக்கம் நீண்டகாலமாக, இடைவிடாமல், ஒரே சீராக இருக்க வேண்டும். உறுதியானதாகவும், நியாயத்துக்கும் பொதுக்கொள்கைக்கும் முரண்படாததாகவும் இருக்க வேண்டும். முதலில் அதைப் பிராதில் சொல்ல வேண்டும், பிறகு நிரூபிக்க வேண்டும். 1868-இலேயே இராமநாதபுரம் ஜமீன் வழக்கில், அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாத்திரத்தையும் மிஞ்சும் என்று சொல்லிவிட்டது. "நிரூபிக்கப்பட்ட" என்ற சொல்லைத்தான் மாணவர்கள் அடிக்கோடிடாமல் விட்டுவிடுகிறார்கள். எப்படி நிரூபிப்பது? வக்கீல் எழுந்து நின்று "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று சொன்னால் அது சாட்சியமாகாது. இன்னார் இன்னாரை இன்ன ஊரில் கட்டினார், ஊர் வந்து சாப்பிட்டது, யாரும் விலக்கிவைக்கவில்லை என்று நாலைந்து தலைமுறைக்கு எடுத்துக்காட்டு வேண்டும். அதாவது, ஒரு களஆய்வாளர் செய்கிற வேலையை வக்கீல் செய்ய வேண்டும்.

இங்கே அகமணம், புறமணம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கல்யாணம் இரண்டுக்கும் ஒருசேரக் கட்டுப்படுகிறது: சாதிக்கு உள்ளே, பங்காளி வகையறாவுக்கு வெளியே. சாதி என்பதன் சாரமே இந்த அகமணம்தான் என்று 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தவர், பின்னாளில் நம் அரசியலமைப்பை வரைந்த அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 25. சட்டம் படிப்பவருக்குச் சமூகவியல் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தக் கட்டுரையிலிருந்து, தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு வரை ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம்.

வழக்கம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. ஜவ்வாது மலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்குள்ள மலையாளி மக்கள் (கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசும் மலைவாசிகள்) பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 2-ஆவது பிரிவுப்படி, மத்திய அரசு தனியே அறிவித்தால் ஒழிய, அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஆகவே, அடிவாரத்தில் விதிவிலக்காக நிரூபிக்க வேண்டிய வழக்கமே மலைமேல் சட்டமாக நிற்கிறது. இன்னும் கேளுங்கள். பட்டியலில் "மலையாளி" என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர்களும் இருக்கின்றன. வட ஆற்காடு அதில் உண்டு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயரோடு வாழ்பவர்கள் அதில் வராததால், தங்களையும் சேர்க்கச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். சமூகவியலாளர் "சமூகம்" என்று சொல்லும்போது கொண்டு கொடுத்து, சேர்ந்து சாமி கும்பிட்டு வாழும் கூட்டத்தை நினைக்கிறார். சட்டம் சொல்லும்போது ஒரு பட்டியலையும் ஒரு மாவட்ட எல்லையையும் நினைக்கிறது. இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் மனுக்கள் பிறக்கின்றன.

இனி நீங்கள் மனப்பாடம் செய்யும் பெரியவர்கள். டர்க்கைமின் "சமூக உண்மை" என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேலூர்க்காரருக்குப் புத்தகமே வேண்டாம். கோட்டைக்குப் போனால் போதும். தனி மனிதருக்கு வெளியே இருந்துகொண்டு அவரைக் கட்டுப்படுத்துவது சமூக உண்மை என்கிறார் அவர். கட்டுக்குள் இருக்கும்வரை அது தெரியாது. மீறும்போதுதான் அதன் பிடி தெரியும். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக் ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் நெற்றியில் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, பழைய தலைப்பாகைக்குப் பதில் தோல் குஞ்சம் வைத்த புதிய தொப்பி அணிய வேண்டும். அவர் கண்ணுக்கு அது சீருடை ஒழுங்கு, அவ்வளவுதான். அணிய மறுத்த இருவருக்குத் தலா 900 கசையடி. 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்குவதற்குள் இருதரப்பிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மறு ஆண்டு ஆளுநர் பெண்டிங்கும் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்ததும் இன்ன பிறவும் வரலாற்றுக்காரர்கள் பேசட்டும். உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த உத்தரவை எழுதிய மேசையில் "தலைப்பாகை என்றால் அவர்களுக்கு என்ன?" என்ற கேள்வி எழவில்லை. தோல் என்பது இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் வேறு வேறு விதத்தில் தீட்டு, தொப்பி என்பது இருவருக்குமே மதம் மாற்றும் அடையாளம். ஒரு நூற்றாண்டு கழித்து, 1906-இல், அமெரிக்காவில் சம்னர் என்பவர் வழமைகளையும், மீறினால் சமூகம் பொறுக்காத நெறிகளையும் பிரித்துக் காட்டினார். தொப்பியை வழமை என்று நினைத்தவர்கள் அது நெறி என்பதைப் பிணங்களை எண்ணித் தெரிந்துகொண்டார்கள். மக்கான் அருகே உள்ள நினைவுத்தூணைப் பஸ்ஸில் கடக்கும்போது அந்த அத்தியாயம் உங்களுக்கு ஞாபகம் வரவேண்டும்.

பஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேலூர் அரசு பஸ்களில் ஒருகாலத்தில் சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் எழுதியிருக்கும். மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். 1997-இல் தென்மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரைச் சுற்றிச் சாதிக் கலவரம் மூண்டதும், அரசு மாநிலம் முழுவதும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அன்று தலைப்பாகைத் துணியில் இருந்த நெறி இன்று பஸ்ஸின் தகரத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

மாக்ஸ் வெபரை அலுவலகத்தோடு சேர்த்துப் படியுங்கள். மரபு, தனிமனிதக் கவர்ச்சி, சட்டம் என்று அதிகாரத்துக்கு மூன்று ஊற்றுக்கண்களைச் சொன்னவர் அவர். மூன்றாவதன் முகம் விதிமுறையும் கோப்பும் முத்திரையும். 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, தான் சாதி மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கினார். அதற்குப் பல ஆண்டுகள் நடந்தார். சாதியை விட்டு வெளியேறவும் தாலுகா அலுவலகத்து முத்திரை வேண்டியிருக்கிறது பாருங்கள், இதைக் கேட்டால் வெபர் மெல்லச் சிரித்திருப்பார். மற்றபடி காம்ட் எந்த ஆண்டு "சமூகவியல்" என்ற சொல்லை உருவாக்கினார் என்பதெல்லாம் ஒரு மதிப்பெண் கேள்வி. படித்துவிட்டு மறந்துவிடலாம்.

ஆய்கன் ஏர்லிக்கை மட்டும் மறக்காதீர்கள். ஆஸ்திரியப் பேரரசின் கிழக்குக் கோடியில், செர்னோவிட்ஸ் நகரில் சட்டம் கற்பித்தவர். அங்கே பல இனத்தார், பல மொழியார் சேர்ந்து வாழ்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சிவில் சட்டத் தொகுப்பு. ஆனால் சொத்துப் பிரிப்பதிலும் பெண் கொடுப்பதிலும் கடன் வாங்குவதிலும் ஒவ்வொரு கூட்டமும் தன் போக்கில் நடந்தது. இதைப் பார்த்துத்தான் 1913-இல் "வாழும் சட்டம்" என்ற கருத்தை அவர் விரித்து எழுதினார். உங்கள் பேரணாம்பட்டு பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் காதில் விழுமே, அந்த பஸ்ஸில் ஏறினால் ஏர்லிக்குக்குச் சொந்த ஊர் போலவே இருந்திருக்கும்.

பேரணாம்பட்டு என்பதால் தோல் தொழிலுக்கு வருகிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு உங்களுக்குச் சுற்றுச்சூழல் சட்டத் தாளில் மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ வரும். தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து 1991-இல் தொடுக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அறிவித்தார்கள். தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதையும் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஆவாரம்பட்டையில் தோல் ஊறிய காலம் போய்க் குரோமிய உப்பு வந்ததன் விலை அது.

தீர்ப்பைப் படித்தால் இரண்டு அணிகள் தெரியும். ஒரு பக்கம் மாசுபடுத்துவோர், மறுபக்கம் பாதிக்கப்பட்டோர். ஊருக்குள் போனால் அந்தக் கோடு ஒரே வீட்டின் நடுக்கூடத்தில் ஓடும். அண்ணன் டேனரியில் ஈரத்தோல் இழுக்கிறார், மருமகள் விடிகாலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறாள், தம்பி பாலாற்றங்கரையில் தென்னைக்கு உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிறார். குடிதண்ணீர் விலைக்கு வாங்க மருமகளின் சம்பளம்தான் போகிறது. இந்த வீடு யார் பக்கம்? "டேனரியை மூடு" என்ற மனுவில் தம்பி கையெழுத்துப் போடுவாரா? போடும் முன் அண்ணன் முகத்தைப் பார்ப்பாரா? மார்க்ஸின் வர்க்கம் என்ற கருத்தை இங்கே வைத்துப் படித்தால், அது எங்கே பொருந்துகிறது, எங்கே நெருடுகிறது என்று இரண்டுமே தெரியும்.

1996-க்குப் பிறகு என்ன ஆயிற்று? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக, இதே கோட்பாட்டைச் சொல்லி, மறுபடியும் உத்தரவுகள் போட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் மாணவர்கள் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆக்பர்னின் "பண்பாட்டுப் பின்னடைவு" என்று எழுதிவிடுகிறார்கள்: பொருள்சார் மாற்றம் முந்திப் போகிறது, சட்டமும் மனப்பான்மையும் பின்தங்குகின்றன என்று. விடைத்தாளில் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு ஒப்புதல் இல்லை. இங்கே யாரும் பின்தங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தன் நலன் எது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, சொல்ல மனம் வராதது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை வேலி அடைத்திருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-இலிருந்து இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இலிருந்து இருக்கிறது. சுடுகாட்டை மற்றவரோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் பச்சையாகவே எழுதிவைத்தது. எழுத்தில் குறையே இல்லை.

இங்கே சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸின் "ஆதிக்கச் சாதி" என்ற கருத்து வருகிறது. சடங்கு வரிசையில் உச்சியில் இருப்பதைவிட, எண்ணிக்கையும் நிலமும் கையில் இருப்பது ஊரில் பெரிய பலம் என்று மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தைப் பார்த்து 1950-களில் எழுதினார். நிலம் கையில் இருப்பவரிடம்தான் வழியும் இருக்கிறது. வரப்பில் நடந்துபோக நாள்தோறும் யாரும் தடை சொல்வதில்லை. நிலம் கைமாறி, வேலி வந்து, ஒரு சாவும் வரும்போதுதான் தெரிகிறது. கிராமத்தில் பாதை வழக்கு எது வந்தாலும், எந்தச் சாதிக்காரர் கொண்டு வந்தாலும், நான் கட்சிக்காரரைக் கேட்கும் முதல் கேள்வி: "உங்கள் தெருவில் பிணம் எந்த வழியாகப் போகும்?" பலர் திடுக்கிடுவார்கள். ஆனால் அதற்குப் பதில் வந்துவிட்டால், எந்த வழி யாருக்கு எத்தனை காலமாகப் பழக்கம் என்பது கிடைத்துவிடும். புல வரைபடத்தில் அந்த வழி இருக்காது, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான "அ" பதிவேட்டில் இருக்காது. ஆனால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு வழக்கத்தால் வரும் வசதியுரிமையை (பிறர் நிலத்தின் வழியே நடந்துபோவது போன்ற உரிமையை) ஏற்கிறது. மறுபடியும் அதே "வழக்கம்". மறுபடியும் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

குடும்பம் என்ற சமூக நிறுவனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள் அல்லவா? குடியாத்தத்திலோ வேலூர்ச் சந்துகளிலோ பீடி சுற்றும் வீடு ஒன்றில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். மருமகள் மடியில் முறம். முந்தின இரவு நனைத்துவைத்த இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்து, விரலால் உருட்டி, நூலைச் சுற்றுகிறார். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் இலை துடைக்கிறார். பள்ளிவிட்டு வந்த பெண் சீருடையைக்கூட மாற்றாமல் பீடியின் முனையை மடக்கிக் கொடுக்கிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கெழுதும் பாஸ் புத்தகம் மாமியார் பெயரில். கம்பெனி ஏஜெண்டு சனிக்கிழமை கட்டுகளை நசுக்கிப் பார்த்து, சரியில்லை என்று சிலவற்றைக் கழிக்கிறார். கழித்ததைத் திருப்பித் தருவதும் இல்லை.

1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் வாங்கி வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. பீடியைக் கழிப்பது பற்றிய தகராறுக்கும் அதில் வழி இருந்தது. வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கும் பொருந்தும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நல்லது. ஆனால் அந்த வீட்டில் தொழிலாளி யார்? பாஸ் புத்தகத்தில் பெயர் உள்ளவர் சுற்றுவதில்லை. சுற்றுபவருக்குப் பெயர் இல்லை. முனை மடக்கும் பெண்ணை யாரும் தொழிலாளி என்று நினைப்பதே இல்லை, அவளும்தான். "வீட்டில் கூடமாட உதவுகிறாள்" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குள் பால்சார் வேலைப் பிரிவினை, குடும்ப அதிகாரம், குழந்தை உழைப்பு என மூன்று அத்தியாயங்கள் அடக்கம். மருமகள் நாளைக்கு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு ஜீவனாம்சம் கேட்டு உங்களிடம் வந்தால், "எனக்கு வருமானம் எதுவும் இல்லை" என்றுதான் சொல்வார். பத்து ஆண்டுகள் தினமும் பீடி சுற்றியதை அவர் வேலை என்றே எண்ணியிருக்கமாட்டார். கேட்டால்தான் சொல்வார்.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். வரையறையை இரண்டு வரியில் எழுதுங்கள். மூன்றாவது வரியில் உங்கள் தெருவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எழுதுங்கள். எடுத்துக்காட்டு கிடைக்காவிட்டால் உங்களுக்கு வரையறை புரியவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள். அமெரிக்கப் பாடப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளை எழுதும் விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு எதற்குச் சிகாகோ?

திங்கட்கிழமை வகுப்பில்லாத நேரத்தில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கும். உள்ளே போக வேண்டாம். வெளியே மனு எழுதித் தருபவர்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். வந்தவர் கால் மணி நேரம் பேசுவார்: பட்டா, தம்பி மனைவி, செத்த மாடு, கோயில் திருவிழாவில் வந்த சண்டை. எழுதுபவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு ஆறு வரியில் "மேற்படி நிலத்தில் ஆக்கிரமிப்பை அகற்றி" என்று முடிப்பார். அந்தக் கால் மணி நேரத்துக்கும் ஆறு வரிக்கும் நடுவில் எதெல்லாம் உதிர்ந்தது என்று வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு பருவத்துக்குப் பத்து மனு போதும். கோர்ட் சம்மன்கள் கையில் கிடைத்தால் முகவரியைப் பாருங்கள். தெருவின் பெயரே ஆளின் சாதியைச் சொல்லிவிடும் ஊர்கள் நம் பக்கத்தில் இன்னும் எத்தனை என்று தெரியும். பிறரிடம் கேட்ட எதையும் பெயரோடு வகுப்பில் சொல்லாதீர்கள். அதுவும் தொழில் பழக்கம்தான்.

அந்த அம்மாவின் வழக்கைப் பாதியில் விட்டுவிட்டேன். பிராதைத் திருத்த அனுமதி கேட்டு மனுப் போட்டோம். செலவுத்தொகை கட்டச் சொல்லி அனுமதித்தார்கள். பிறகு நான் அந்தக் கிராமத்துக்கு நாலைந்து முறை சைக்கிளில் போனேன். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி சாட்சிக் கூண்டில் நின்று, தன் பாட்டி காலத்திலிருந்து அக்காள் மகளைக் கட்டிய பதினோரு பேரை ஊர்ப் பெயரோடு, சீர் என்ன வந்தது என்பதோடு ஒப்பித்தார். தட்டச்சு செய்தவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நடுவில் நிறுத்தி, "யாருக்கு யார் அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

அடுத்தது பிரதிவாதி. குறுக்கு விசாரணையை என்னையே செய்யச் சொன்னார் சீனியர். சர்வே எண், வீட்டு வரி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கேட்டேன்: "உங்கள் மனைவி உங்களுக்கு என்ன முறை?"

"மாமன் மகள்."

"உங்கள் அம்மாவுடன் பிறந்த தம்பியின் மகளா?"

"ஆமாம். வேறு எங்கே போய் எடுப்பது?"

அண்ணன் தங்கை பிள்ளைகள், அக்காள் தம்பி பிள்ளைகள் கட்டிக்கொள்வதும் அதே பிரிவில், அதே வரியில் இருக்கும் தடைதான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாய்தாவில் சமரச மனுவோடு வந்தார்கள். நஞ்சையும் வீடும் அந்த அம்மாவுக்கு. கிணற்றில் மட்டும் இருவருக்கும் முறைத்தண்ணீர்.